விவரம் தெரிந்தவர்

பிரைலா நகரில் அந்த மலிவுக்கடை இன்னும் திறக்கவில்லை. சலுகை விலைக் கம்ப்யூட்டர் உள்ளே ஐந்தே ஐந்துதான் என்று காவலாளி சொன்னதிலிருந்து, வரிசையின் கடைசியில் நின்ற கொர்னெலுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“இதுல படம் போட்டா நின்னு நின்னுதான் ஓடும் அக்கா,” என்றார் முன்னால் நின்ற பெண்ணிடம்.

“கேம்?”

“கிராபிக்ஸ் கார்டே கிடையாது. சீட்டாட்டம் வேணா ஆடலாம்.”

“என் பையன் கேமுக்குத்தானே கேட்டான்,” என்றவள், போனில் எதையோ தட்டிக்கொண்டே விலகினாள். இது காதில் விழுந்த மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

கதவு திறந்ததும் கொர்னெல் ஓடிப்போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், மகள் இலின்கா ஒரு வருஷமாக அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதுதான்.

வீட்டில் பெட்டியைப் பார்த்ததும் இலின்காவின் முகம் சுருங்கியது.

“இதையாப்பா வாங்கினீங்க? எங்க கிளாஸ் குரூப் பூரா இதே பேச்சுதான். படமே ஒழுங்கா ஓடாதாம். என் ஃப்ரெண்டோட அம்மா வேண்டாம்னு திரும்பி வந்துட்டாங்க.”

“யாரு சொன்னா?”

“வரிசையில நின்ன விவரம் தெரிஞ்ச ஒருத்தராம். நீங்களும் அங்கதானே நின்னீங்க. அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”