வேலை நேரத்தில் வந்த மகள்

அவள் வேலை செய்யும் வெல்டிங் பட்டறை வாசலில், அவளுடைய பழைய புருஷன் வண்டியை அணைக்காமல் மகளை இறக்கிவிடுகிறான். “ஞாயித்துக்கிழமை நாங்க வெளியூர் போறோம். பிள்ளையைப் பாக்குற உன் முறையை இப்பவே முடிச்சுக்க. கொஞ்ச நேரம்தான் நிப்பேன்.” மகள் அம்மாவின் ஒட்ட வெட்டிய தலையையும் கரிபடிந்த பேண்ட்டையும் பார்க்கிறாள். “நீ இப்ப ஆம்பளையாம்மா? அப்பா கேக்கச் சொன்னாரு.” “ஆமான்னு சொல்லு. உங்க குடும்பத்துல ஒரு ஆம்பளையாவது வேணாமா?” அம்மா மகளின் கன்னத்தை வருட, காய்ப்பேறிய விரல்கள் உரசி அவள் முகம் சுளிக்கிறாள். உள்ளேயிருந்து முதலாளி கத்துகிறான்: “கொஞ்சலை அப்புறம் வச்சுக்கம்மா! இரும்பு கேட்டு செய்யச் சொன்னவன் வந்துட்டான்.” அம்மா வெல்டிங் முகமூடியை எடுத்து மாட்டுகிறாள். “அந்தப் பக்கம் திரும்பிக்க தங்கம், இதைப் பாத்தா கண்ணு போயிடும்.” பொறி பறக்கிறது. மகளின் முதுகில் நீல வெளிச்சம் வெட்டி வெட்டி விழுகிறது. சொன்ன பேச்சு தட்டாமல் திரும்பி நின்று, மகள் வாசலில் வண்டியோடு காத்திருக்கும் அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.