ஆறு மண் மூட்டைகள்

முப்பத்தொரு மணி நேரமாகப் பங்களாக் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அந்த மலாயா ரப்பர் தோட்டத்தை ஆண்ட, எல்லோரும் துவான் என்று அழைத்த ஜப்பானிய அதிகாரி மொரித்தா நேற்றும் குளிக்கவில்லை, இன்றும் குளிக்கவில்லை. பின்கட்டில் அவருடைய மரத்தொட்டி வெறுமையாகக் கிடந்தது.

தொட்டிக்குப் பக்கத்தில், வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் மாயாண்டி உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார். நேற்றுக் காலை தண்ணீர் நின்றதும் துவான் முதலில் பிடித்தது அவரைத்தான். தொழிலாளர் லயத்துப் பக்கம் போகவோ யாரோடும் பேசவோ அனுமதி இல்லை.

மாயாண்டி முகத்தைச் சோகமாக வைத்திருந்தார். அதுதான் சிரமமாக இருந்தது. நிமிஷத்துக்கு ஒரு தரம் சிரிப்பு முட்டியது.

எண்ணெய் கிடைக்காமல் ஜப்பானியர் லோரிகளைக் கரியில் ஓட்டினார்கள். அந்தக் கரிக்காக இரண்டே மாதத்தில் மேல்மலைக் காட்டில் பாதியை வெட்டியாயிற்று. மீதிப் பாதியில் நாளைக் காலை கோடரி விழும். பங்களாவுக்கும் அறுபது லயத்து வீடுகளுக்கும் அந்தக் காட்டு ஊற்றை விட்டால் வேறு தண்ணீர் இல்லை.

"காடு போனா தண்ணி போயிரும்னு வாயால சொன்னா துவான் கேக்க மாட்டாரு. தண்ணிய நிப்பாட்டிக் காட்டணும்." ஞாயிற்றுக்கிழமை, ரப்பர் பால் வெட்டும் பெண்கள் பஞ்சாலையிடமும் முத்தாயியிடமும் இப்படிச் சொன்னவர் மாயாண்டிதான். ஆறு சாக்கில் மண் நிரப்பி ஊற்று வாயில் அடுக்கினால் தண்ணீர் பக்கத்து ஓடைக்குத் திரும்பிவிடும். துவானுக்குக் குளியல் நின்றால் கோடரியும் நிற்கும்.

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி திருநாவுக்கரசு பின்கட்டுக்கு வந்தார். "எழுந்திரு. துவான் ஊற்றை நேர்ல பாக்கணுமாம்."

"இந்த வெயில்லயா? அட்டை கடிக்கும்னு சொல்லுங்களேன், கிராணி ஐயா."

"சொன்னேன். மூணு வாரமா மழையில்ல, அட்டை எங்கேயிருந்து வரும்னு கேக்கறாரு. எவனாச்சும் தண்ணிய அடைச்சிருந்தா, சயாம் ரயில் பாதைக்கு அனுப்புற லிஸ்ட்ல உன் பேருதான் முதல்லயாம்."

மாயாண்டிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. சயாமுக்குப் போனவர்கள் யாரும் இன்னும் திரும்பி வரவில்லை.

லயத்தைக் கடந்தபோது பெண்கள் காலி வாளிகளோடு குழாயடியில் நின்றார்கள். பஞ்சாலையின் கண் சிவந்திருந்தது. துவானைக் குனிந்து வணங்கியவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு நடிப்பு வேண்டியதில்லை என்று மாயாண்டி நினைத்தார்.

"முத்தாயி, துவான் மேல போறாரு," என்று தொண்டை கிழியக் கத்தினார். "வழியில மாடு கீடு நின்னா முன்னால ஓடி ஓட்டிவிடு."

"மேல எந்த மாடு?" என்றாள் முத்தாயி.

"இருந்தா ஓட்டுன்னு சொன்னேன் லா."

"எதுக்கு இப்படிக் கத்துற?" என்றார் கிராணி.

"தொண்டை வறண்டு போச்சுங்க, ஐயா."

வெட்டிய பாதி மலையில் நிழலே இல்லை. அடிமரங்களுக்கு நடுவே மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. மாயாண்டி ஒவ்வோர் அடிமரத்துக்கும் ஒரு தரம் உரக்க இருமினார். பக்கத்து ஓடை குறுக்கிட்ட இடத்தில், துவானின் பூட்ஸ் சரளைக் கல்லில் நறநறவென்று நடந்து அக்கரை ஏறியது. மாயாண்டியின் கண் மேலேயே இருந்தது.

ஊற்று வாயில் ஒரு மூட்டைகூட இல்லை.

மாயாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எவளோ குறுக்கு வழியில் ஓடிவந்து மூட்டைகளை அகற்றிவிட்டாள். இங்கே இன்னும் தண்ணீர் வராததால், இதற்கும் மேலே எங்கோ அடைத்திருக்க வேண்டும். அவருக்கே தோன்றாத யோசனை.

துவான் மண்டியிட்டுக் குழாய் வாய்க்குள் கையை விட்டார். ஒரு சருகு வந்தது. வெட்டிய பாதியைப் பார்த்தார். வெட்டாத பாதியைப் பார்த்தார்.

"காடு போனா தண்ணி போகும், துவான்," என்றார் மாயாண்டி பணிவாக. கிராணி அதை மலாயில் சொன்னார்.

துவான் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதி, முத்திரை குத்தினார். கிராணி வாங்கி இரண்டு தரம் படித்தார்.

"மேல்மலையில இனி யாரும் மரம் வெட்டக்கூடாது. கோடரி எடுத்தவனுக்குத்தான் சயாம்."

இறங்கும்போது மாயாண்டியின் கால் தரையில் படவில்லை. துவானும் கிராணியும் பங்களாப் பக்கம் திரும்பியதும், அவர் குழாயடிக்கு ஓடினார்.

"போதும்மா நடிப்பு. காடு தப்பிச்சிருச்சு. போய் அடைப்ப எடுங்க. ஒரேயடியா விடாதீங்க, துவானுக்குச் சந்தேகம் வரும். கொஞ்சம் கொஞ்சமா விடுங்க."

யாரும் நகரவில்லை.

"மூட்டைய எங்கதான் ஒளிச்சீங்க? எனக்கே கண்ணுல படல. கெட்டிக்காரிங்க லா நீங்க."

பஞ்சாலை வாளியைச் சாய்த்துக் காட்டினாள். ஆறு சாக்கும் மடிப்புக் கலையாமல் உள்ளே கிடந்தன. ஒன்றில்கூட மண் ஒட்டியிருக்கவில்லை.

"நேத்து விடியக்காலைல எடுத்துக்கிட்டு மேல போனோம், மண்டோரண்ணே. அப்படியே திரும்பி வந்துட்டோம்."

"ஏன், பயந்துட்டீங்களா?"

பஞ்சாலை தலையாட்டி மறுத்தாள்.

"அடைக்கறதுக்கு அங்க தண்ணியே இல்லண்ணே."