அடுப்பில் ஏறாதது

தட்டைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது.

பூவன் பழம் ஒரு சீப்பு. நான்கு கொய்யா. சீவாத இளநீர் இரண்டு, பக்கத்தில் அரிவாள். எதையும் நறுக்கவில்லை, உரிக்கவில்லை.

அப்பாடா. மகள் சொல்லிவிட்டாள்.

வரும் வழியெல்லாம் காரில் இதே வழக்குதான். "சமைச்சதை நான் தொடறதில்லைன்னு நீயே போன்ல சொல்லிரு கண்ணு."

கௌசிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்களே சொல்லிக்கங்கப்பா. நான் சொன்னா வேற மாதிரித் தெரியும்."

தெரியத்தான் தெரியும். இந்தக் காலனிக்குள் அவர் கால் வைப்பது இதுவே முதல் தடவை. அவர் வீட்டார் யாருமே வைத்ததில்லை. இந்தப் பையனைத்தான் கட்டுவேன் என்று மகள் மூன்று வருடம் ஒற்றைக் காலில் நின்றாள். அவர் இறங்கி வந்தார். மனைவி இன்னும் இறங்கவில்லை, இன்று வரவும் இல்லை.

இந்த வீட்டில் சாப்பிட்டு எழுந்தால் கல்யாணம் உறுதி. சாப்பிடாமல் எழுந்தால் என்ன அர்த்தம் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

ஆனால் எட்டு மாதத்து விரதத்தை எப்படி விடுவது?

லேசுப்பட்ட விரதமா அது!

முதல் வாரம் தலைவலியில் சுருண்டு படுத்தார். ஊறவைத்த நிலக்கடலையும் தேங்காய்ச் சில்லும் தொண்டையில் இறங்க மறுத்தன. பஜ்ஜிக் கடையைக் கண்டால் எதிர்ச் சாரிக்கு மாறி நடந்தார்.

மூன்றாம் மாதம் இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. சர்க்கரை இருநூற்றெண்பதிலிருந்து நூற்றிருபதுக்கு வந்தது. முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. பார்ப்பவர்களிடமெல்லாம் முளைகட்டிய பயறின் மகிமையைப் பேசினார். பார்ப்பவர்கள் குறைந்தார்கள்.

ஐந்தாம் மாதம், அடைமழையில், மனைவி கோவிலுக்குப் போன நேரம் பார்த்து ரசச் சட்டியின் அடியை வழித்து நக்கினார். அதை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது உள்ளேயிருந்து கோழிக்குழம்பு கொதிக்கும் வாசம் வந்தது. வாயில் ஊறியதை விழுங்கிவிட்டு ஒரு பழத்தைப் பிய்த்தார்.

"பொண்ணு போன்ல சொல்லீட்டாளாட்ட இருக்குதே?"

"என்னத்தைங்க?" என்றார் மாரப்பன், பையனின் அப்பா.

"நான் அடுப்பேத்தினதைத் தொடறதில்லீன்னு."

மாரப்பன் கொஞ்சம் யோசித்தார்.

"பொண்ணு ஒண்ணும் சொல்லலீங்க. எங்கப்பன் காலத்துல இருந்தே உங்க பக்கத்து ஆளுங்க வந்தா இதானுங்களே வெப்போம்."

குத்தல் இல்லை. மழை பெய்தால் குடை என்பது போலச் சொன்னார்.

பழம் கையிலேயே நின்றது.

அவர் பேச ஆரம்பித்தார். சர்க்கரை நோய். இயற்கை உணவு முகாம். எட்டு மாதம். போனைத் திறந்து ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டினார். ஊறிய அவலைப் படம் எடுத்து வைத்திருந்தார், அதையும் காட்டினார். சொல்லச் சொல்ல எல்லாம் அவர் காதுக்கே பொய் போலக் கேட்டது.

"சரிங்க" என்றார் மாரப்பன். ஒவ்வொன்றுக்கும் "சரிங்க".

தன் தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர்களும் இப்படித்தான் சொல்வார்கள். நம்பிவிட்டோம் என்று அதற்கு அர்த்தமில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால்?

இந்த விரதம் இல்லாமல், பசியோடு, இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தால்?

இளநீர் போதும் என்றிருப்பார். அவருக்குத் தெரியும்.

பழத்தைக் கீழே வைத்தார்.

"எனக்கும் ஒரு தட்டுப் போடுங்க."

பையன் அப்பாவைப் பார்த்தான். கௌசிகா தரையைப் பார்த்தாள்.

"எங்களுக்கோசரம் ஒடம்பைக் கெடுத்துக்க வேண்டாமுங்க" என்றார் மாரப்பன்.

அந்த மரியாதையை அவரால் தாங்க முடியவில்லை. "போடுங்க" என்றார் மறுபடி.

மாரப்பனின் மனைவி ஒரு கை அளவு சோறு கொண்டுவந்து வைத்தாள். குழம்பை ஓரமாக ஊற்றினாள், வேண்டாமென்றால் ஒதுக்கிவிட வசதியாக.

அவர் பிசைந்தார். சூடு விரலைச் சுட்டது. முதல் வாயிலேயே காரம் உச்சந்தலைக்கு ஏறிக் கண்ணில் நீர் கட்டியது. எட்டு மாதமாக நாக்கு தவம் கிடந்த ருசி. குனிந்த தலை நிமிராமல் தின்றார். தட்டு காலியானது.

ஒரு கை சோற்றை மரியாதைக்குத் தின்றதாக யாரும் சொல்லலாம். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அவரே அப்படிச் சொல்லித் தப்பிக்கலாம்.

எல்லோரும் அவர் கை கழுவ எழுவார் என்று காத்திருந்தார்கள். பையன் செம்பில் தண்ணீரோடு நின்றான்.

அவர் எழவில்லை. மாரப்பனின் மனைவி பக்கம் தட்டை நீட்டினார்.

"இன்னுங் கொஞ்சம் சோறு வெய்யுங்க, சம்பந்தி."