ஜமீன்தார் பேய்க்கு ஒரு முகம்

கட்டிய பெண்டாட்டியே எதிரியானால் ஒரு மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வான் என்று திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவே தங்கராசுக்காகப் பரிதாபப்பட்டது. மாலை ஆறு மணிக்குச் சிதம்பரத்தில் நாடகம். அதில் அவன்தான் பேய். அந்தப் பேயின் முகத்தைக் காலையில் ஞானாம்பாள் கொண்டுபோய்க் கெடிலம் ஆற்றில் வீசிவிட்டாள்.

எட்டு வருஷமாக ஆபீஸ் நாடகக் குழுவில் தங்கராசு வாசல் காவல்காரன். "எஜமான், ஆள் வந்திருக்குது" என்பதற்குமேல் அவன் வாயைத் திறக்கக் குழுத் தலைவர் நடனசபாபதி விட்டதே இல்லை. இந்த வருஷம்தான், கடலில் மூழ்கிச் செத்த ஜமீன்தாரின் பேயாக மூன்று மணி நேரமும் மேடையில் உலாவுகிற வேஷம் கிடைத்தது. ஒரே நிபந்தனை, முகமூடியை அவனே செய்து கொண்டுவர வேண்டும். பார்க்கிறவர்கள் சிரித்தால் மறுபடி வாசல்தான்.

தேவனாம்பட்டினத்தில் படகுக்குப் பெயிண்ட் அடிக்கிற பச்சமுத்து, ஞானாம்பாளின் தம்பி, வேலையைக் கையில் எடுத்துக்கொண்டான். பத்து நாள் வீடு வீடாக இல்லை. பழைய பேப்பரை ஊறவைத்து வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டினார்கள். அந்த வாரம் சுட்ட தோசையில் தலைப்புச் செய்தியே படித்திருக்கலாம்.

பல்லுக்குக் கொட்டாங்கச்சியா, சுறாப் பல்லா என்று ஒரு நாள் முழுக்க வாதம் நடந்தது. சுறா ஜெயித்தது. முடிக்குத் தேங்காய் நார் வைத்ததில் ஜமீன்தார் சாமியாராகிப் போனார். கிழிந்த வலையைப் பிரித்துத் தொங்கவிட்ட பிறகுதான் செத்தவர் மாதிரி தெரிந்தார். கண்ணுக்கு சைக்கிளின் பின்பக்கச் சிவப்புக் கண்ணாடி. யாருடைய சைக்கிள் என்று மாமாவும் மச்சானும் பேசிக்கொள்ளவில்லை. மூக்கு ஓட்டை வழியாகத் தங்கராசு வெளியே பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

கடைசியில் மேல்பூச்சில் வந்து மாட்டிக்கொண்டார்கள். வார்னிஷ் அடித்துப் பார்த்தால் பள்ளிக்கூட பெஞ்சு மாதிரி இருந்தது. எனாமல் அடித்தால் கொலு பொம்மை. தங்கராசுக்கோ, இப்போதுதான் கடலிலிருந்து எழுந்து வந்த மாதிரி சொட்டச் சொட்ட ஒரு பளபளப்பு வேண்டும்.

"படகுக்கு அடிக்கிற முந்திரிக்கொட்டை எண்ணெய அடிச்சுடறேன் மாமா," என்றான் பச்சமுத்து. "உப்புத் தண்ணியே உள்ள எறங்காது. உங்க வேர்வை என்னா பண்ணிடும்?"

கறுகறுவென்று இரண்டு கை பூசி முற்றத்துக் கொடியில் மாட்டினான். காய்கிறவரை யாரும் கை வைக்கக்கூடாது என்று உத்தரவு வேறு. அதைப் பார்த்துப் பால்காரர் சொம்பைப் போட்டுவிட்டு ஓடியதில், தங்கராசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தன் தொழிலில் இப்படி ஒரு ஃபினிஷிங் வந்ததே இல்லை என்று பச்சமுத்து போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினான்.

ஞானாம்பாளுக்கு மட்டும் பிடிக்கவில்லை. நேற்றிலிருந்து முந்தானையை முகத்தில் இழுத்து மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றே சோறு போட்டாள். ஏனென்று கேட்டால் அடுப்படிக்குள் போய்விட்டாள். இன்று காலையில் ஆற்றில் வீசிவிட்டு வந்து, மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

வீசியதுதான் வீசினாள், அது முழுகவாவது முழுகியதா? படகுப் பூச்சு வேலையைக் காட்டியது. ஜமீன்தார் மல்லாந்து மிதந்தபடி படித்துறைப் பக்கம் போக, குளித்துக்கொண்டிருந்த சனமெல்லாம் சோப்பை விட்டுவிட்டுக் கரையேறியது. ஊருக்கே விஷயம் தெரிந்தது அப்படித்தான்.

மத்தியானம் நடனசபாபதி வந்தார். மூன்று மணி பஸ்ஸுக்கு முகத்தோடு வந்தால் பேய், இல்லாவிட்டால் வாசல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பச்சமுத்து அக்காவைத் திட்டவில்லை. கண் கலங்கிவிட்டான்.

"புடிக்கலன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா," என்றவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றோரமாக ஓடினான்.

அவன் தலை மறைந்ததும் தங்கராசு உள்ளே பாய்ந்தான். "நான் நாலு பேரு மெச்ச ஒரு வேஷம் கட்டினா உனக்கு அடுக்கலியா?" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

உதடு பணியாரமாக வீங்கியிருந்தது. கன்னமெல்லாம் கொப்புளம். ஒரு கண்தான் திறந்திருந்தது. மூன்று மணி நேரம் ஊரைப் பயமுறுத்தக் கிளம்பியவன், பின்னாலேயே நகர்ந்து தவிட்டுக் கூடைக்குள் உட்கார்ந்துவிட்டான்.

"சிரிப்புக் காட்டாதீங்க, கன்னம் வலிக்குது," என்றாள் ஞானாம்பாள். "மூணு மணி நேரம் மாட்டிக்கிட்டு நிக்கப் போறீங்களே, மூச்சு முட்டுமான்னு முந்தாநாளு கொஞ்ச நேரம் போட்டுப் பாத்தேன்."

முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கிற அந்த எண்ணெய் சரியாகக் காயாமல் உடம்பில் பட்டால் தோல் வெந்துபோகும். படகுக்கு ஏது தோல், பச்சமுத்து அதை யோசிக்க? அவன் கையோ உப்பிலும் பெயிண்ட்டிலும் மரத்துப்போன கை.

தங்கராசு தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அழுகை வந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டான்.

"எவ்ளோ ஆசையா செஞ்சான் அவன். என் மூஞ்சியப் பாத்தான்னா அப்புறம் பிரஷ்ஷயே தொடமாட்டான். எனக்குப் புடிக்கலன்னே இருந்துட்டுப் போவட்டும்," என்று ஞானாம்பாள் மறுபடி முந்தானையை இழுத்துக்கொண்டாள்.

பச்சமுத்து இரண்டரை மணிக்கு வெறுங்கையோடு வந்தான். ஜமீன்தார் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்கே போய்விட்டாராம். வாசலிலேயே நின்றான், அக்கா இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

தங்கராசு காவல்காரனின் தலைப்பாகையை எடுத்துக் கட்டிக்கொண்டான்.

"உங்க அக்கா மேல கோவப்படாத மச்சான். நான்தான் தூக்கிப் போடச் சொன்னேன். நீ செஞ்ச பேயைப் பாத்து எனக்கே பயமாயிடுச்சு."