எல்லைக்கோட்டு ஆட்கள்

"இன்னைக்காவது துரை எனக்குப் பந்து போடக் கொடுப்பாரா? இல்ல, காட்டோரமா நின்னு காயணுமா?"

மலாயாவில் ஜித்ரா ஊருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவும் இஞ்ஞாசிமுத்து, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மோரிசிடம் எரிந்து விழுந்தான்.

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை, அயர்லாந்துக்காகக் கிரிக்கெட்டும் ரக்பியும் ஆடியவர். கம்யூனிஸ்டுக் கலகத்தால் அவசரகாலம் வந்தும் அவருடைய ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நின்றதில்லை. நடுவில் வெள்ளைக்காரர்கள் ஆடுவார்கள். சுற்றிலும் காட்டை ஒட்டி நின்று தோட்டத்து ஆட்கள் பந்து பொறுக்குவார்கள்.

"ஆசையப் பாரு! இன்னைக்குக் கிரிக்கெட் இல்லலா, ரக்பி. பந்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஓடுற ஆட்டம்."

"அப்ப நாங்க வீட்டுக்குப் போறோம்."

"போகாத. எல்லாரும் வழக்கமான எடத்துல நிக்கணுமாம்."

"பந்து அவங்க கையிலேயே இருந்தா, நாங்க எந்த மயிரைப் பொறுக்குறது?"

மோரிஸ் கிளம்பப் பார்த்தார்.

"சொல்லுங்க கிராணி!"

"போன மாசம் பக்கத்துத் தோட்டத்துத் துரையைக் காட்டுல இருந்துதானே சுட்டாங்க? சுத்தி நீங்க நின்னா, கம்யூனிஸ்டுக்காரன் சுட யோசிப்பானாம்."

"யோசிக்காம சுட்டா?"

மோரிஸ் பெயர்ப்பட்டியலை எடுத்து ஆட்களை எண்ண ஆரம்பித்தார்.

இஞ்ஞாசிமுத்து மைதானத்தைச் சுற்றி வந்தான். காட்டோரம் நின்ற ஒவ்வொருவரிடமும் விஷயத்தைச் சொன்னான். ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில் அத்தனை பேரும் தங்கள் லயத்து வீடுகளைப் பார்த்து நடந்தார்கள்.

பந்தோடு ஓடிக்கொண்டிருந்த துரை நின்று சுற்றிலும் பார்த்தார். நாலு பக்கமும் வெறும் காடு. அயர்லாந்துக்கே ஆடிய அந்த மனுஷர் பந்தைக் கீழே போட்டுவிட்டு, துரத்த ஒருவரும் இல்லாமலே பங்களாவுக்கு ஓடினார்.