நின்றுகொண்டா, உட்கார்ந்தா?

அந்த மனிதர் இந்த ஞாயிறும் வந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாரமெல்லாம் ஐ.டி. கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டு, ஞாயிறு காலை ஏழு மணிக்குக் காக்ஸ் டவுன் தெருக்களில் ஒரு கூட்டத்தை அழைத்துப்போய்ப் பழைய வீடுகளின் கதை சொல்வேன். நான் மூச்சு விடுவதே அந்த இரண்டு மணி நேரம்தான். யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது நானே வைத்த விதி. அதனால் அந்த முனியப்பனை வராதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

வயது எழுபது இருக்கும். பக்கத்து மர்பி டவுனிலிருந்து தேய்த்த சட்டையோடு வருவார். சர்ச்சைப் பற்றிச் சொன்னாலும் மார்க்கெட்டைப் பற்றிச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். பூட்டிக் கிடக்கிற மூலை பங்களா வந்ததும் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிடுவார். கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்.

அங்கே நான் சொல்வது ஒரு ஆயாவின் கதை.

அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித்தர டீச்சர் வருவார். ஆயா தூசி தட்டிக்கொண்டே காதால் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிவிட்டார். ஒரு கிறிஸ்துமஸ் காலையில் எல்லாரும் சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து, ஒரு முழுப் பாட்டையும் வாசித்தார். மறந்துவிட்ட குடையை எடுக்க வந்த வீட்டுக்கார அம்மாள், உள்ளே வராமல் வாசலிலேயே நின்று கடைசிவரை கேட்டார்.

இந்த இடத்தில் கூட்டம் அப்படியே அமைதியாகிவிடும். அப்போதுதான் முனியப்பன் கேட்பார்.

"நின்னுக்கிட்டு வாசிச்சாங்களா, உக்காந்தாம்மா?"

உட்கார்ந்துதான் என்பேன். எதில் என்பார். பியானோவுக்கு முன்னால் போடுகிற வெல்வெட் ஸ்டூலில் என்பேன். தலையை ஆட்டிக்கொண்டு பின்னால் போய்விடுவார். ஆறு வாரமாக இதே கேள்வி, இதே பதில். கூட்டத்தில் சிலர் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. ஏனென்றால் அந்தக் கதை என் சொந்தக் கைச்சரக்கு. முதல் வாரம் எல்லாரும் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள், தாங்க முடியாமல் இந்தக் கதையை எடுத்துவிட்டேன். கைதட்டினார்கள். அப்புறம் விட முடியவில்லை. வாட்ஸ்அப்பில் புளுகு வரலாறு அனுப்புகிறவர்களை வாய் கிழியத் திட்டுகிற நானேதான்.

நான் எங்கே உளறுவேன் என்று இந்த மனிதர் காத்திருக்கிறார். அப்படித்தான் நினைத்தேன்.

இந்த ஞாயிறு வீணா மேடம் வந்திருந்தார். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர். பிடித்திருந்தால் மாதாமாதம் தன் மாணவர்களைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருந்தார். அதற்காக நான் ஒரு வருஷமாகத் தவம் கிடந்தேன்.

கதை முடிந்தது. முனியப்பன் வழக்கமான கேள்வியைக் கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டார். அடுத்து வீணா மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

"கதை நல்லா இருக்கு நிருபமா. ஆதாரம் என்ன?"

இருபது பேர் என் முகத்தையே பார்த்தார்கள். மானம் போகப்போகிறது என்று முடிவே பண்ணிவிட்டேன்.

முனியப்பன் கையைத் தூக்கினார்.

"ஆதாரம் நான்தாங்க. அந்த ஆயா எங்கம்மா. பேரு மங்களம். இந்தம்மா சொன்னது அத்தனையும் நெசம்."

கைதட்டல் எழுந்தது. வீணா மேடம் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார், மங்களம் என்று நோட்டில் எழுதிக்கொண்டார், அடுத்த மாதமே மாணவர்களோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் கட்டிவிட்ட கதை எப்படி நிஜமாகும்?

எல்லாரும் காபிக்குக் கிளம்பிய பிறகு, கேட்டருகே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரிடம் போனேன். உங்கள் அம்மா உண்மையிலேயே வாசித்தார்களா என்று கேட்டேன்.

"பியானோ இருந்துச்சும்மா. அம்மா அதைத் துடைப்பாங்க. அவ்வளவுதான்."

எனக்கு அவமானத்தில் முகம் சுட்டது. என்னைக் காப்பாற்ற நீங்கள் பொய் சொல்லியிருக்க வேண்டாம், வீணா மேடத்திடம் நானே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இனிமேல் இந்தக் கதையையே சொல்லமாட்டேன் என்றேன்.

அவர் பதறிப்போனார். ஆறு வாரத்தில் அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"மேடத்துக்கிட்ட சொல்லிக்கோங்க. கதையை மட்டும் நிறுத்திடாதீங்கம்மா."

ஏன் என்று கேட்டேன். பூட்டிய கதவின் பக்கம் திரும்பினார்.

"இருபத்தாறு வருஷம் இங்க வேலை பாத்தாங்க. செருப்பு கேட்டுக்கு வெளியதான் விடணும். சோத்தைக்கூடப் பின்கட்டுல நின்னுக்கிட்டே சாப்பிடுவாங்க. வீட்டுக்கு வர்றப்ப ரெண்டு காலும் வீங்கியிருக்கும், நான்தான் அமுக்கி விடுவேன். இந்த வீட்டுக்குள்ள அவங்க ஒரு நாள் உக்காந்து நான் பாத்ததில்ல."

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை நீங்க சொல்றப்பதாம்மா உக்கார்றாங்க."