இருபத்தாறு உள்ளே, நாலு வெளியே

உள்ளே போனது இருபத்தாறு. வெளியே வந்தது நாலு. நடுவில் எதுவும் தொலையவில்லை. எப்படி?

பத்து வயது டாரியாவுக்கு இது விடுகதையாகத் தெரியவில்லை. திருட்டாகத் தெரிந்தது.

கம்ப்யூட்டரில் அப்பாவின் வீடியோ இருபத்தாறு ஜிபி. கெல்வின் பதிந்து வைத்திருந்த டிவிடியில் நாலு ஜிபிதான்.

அப்பா இறந்து மூன்று வருடம். கெல்வினை அம்மா கல்யாணம் செய்துகொண்டது போன வருடம். பழைய டேப்புகளைக் கேமரா கடித்துக் குதறிவிட்டது. மிச்சம் இருப்பது கம்ப்யூட்டரில்தான். அதையும் சாயங்காலம் கெல்வின் அழிக்கப் போகிறார், இடம் போதவில்லை என்று.

டாரியா சமையலறைக்கு ஓடினாள். கெல்வின் பெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு தட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பாவ வெட்டிட்டீங்க!"

"யாரு, நானா?"

"இருபத்தாறு இருந்துச்சு. இப்ப நாலு!"

"அட, அதுவா!" கெல்வின் சிரித்தார். "அது வெட்டுனதில்ல, மேடம். டிஸ்க்ல போடுறப்ப ஒவ்வொரு நொடியையும் வேற மாதிரி மடிச்சு வைக்குது. உன் குளிர்கோட்ட நீ பெட்டியில அமுக்கி வைக்கிற மாதிரி. பெட்டி எம்புட்டோ அம்புட்டுதான் சைஸ். சைஸ பாக்காத. எத்தன நிமிஷம்னு பாரு. நிமிஷம் பொய் சொல்லாது."

டாரியா போய்ப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் இரண்டு மணி நேரம். டிவிடியில் ஒரு மணி இருபது நிமிடம்.



"நாப்பது நிமிஷத்தக் காணோம்!" கத்தினாள். "நிமிஷம் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

கெல்வின் சிரிக்கவில்லை. கையில் ஒட்டிய மாவைத் துடைத்துக்கொண்டார்.

டாரியா டிவிடியை டிவியில் போட்டாள். ஏரியில் அப்பா மீன் பிடித்தார். இருந்தது. அவளைத் தோளில் தூக்கினார். அதுவும் இருந்தது. கொல்லையில் தண்ணீர் ஊற்றி உறையவைத்த பனித்தளத்தில், பனித்தூள் பறக்கச் சறுக்கினார். ஒவ்வொரு துகளும் துல்லியம். கடைசி கிறிஸ்துமஸும் இருந்தது. அப்பா கையை ஆட்டினார்.

திரை கறுத்தது.

கம்ப்யூட்டரில் இதற்கு அடுத்து என்ன வரும் என்று டாரியாவுக்குத் தெரியும். அதே கேமராவில் எடுத்த, அம்மாவும் கெல்வினும் மோதிரம் மாற்றும் கல்யாணம். நாற்பது நிமிடம்.

"உங்கள ஏன் வெட்டுனீங்க?"

கெல்வின் கதவோரம் நின்றார். "முதல்ல எல்லாத்தையும் சேர்த்துதான் போட்டேன். டிஸ்க் பத்தல. நிமிஷம் கூடக் கூட ஒவ்வொரு நொடிக்கும் இடம் கொறையும். உங்கப்பா சறுக்குறப்ப பனி பறக்குதுல்ல, அங்க படம் கட்டம் கட்டமா உடையுது. அவர் டிஸ்க்ல நான் எதுக்கு? கல்யாணத்த வேற டிஸ்க்ல போட்டுக்கலாம். உங்கம்மாவும் சரின்னுட்டா."

"ரெண்டையும் ஒண்ணா போட்டா அப்பா தெரியவே மாட்டாரா?"

"தெரிவார். கொஞ்சம் மங்கலா."

இருவரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்கள். புது டிஸ்க்கை உள்ளே தள்ளினார் கெல்வின். ஒரே டிஸ்க்கா, இரண்டா என்று திரை கேட்டது.

டாரியா 'ஒன்று' என்பதை அழுத்தினாள்.